மை போட்டுப் பார்த்த வாரம்

காலை ஆறேகால் மணிக்கு, எட்டுக் கட்டுப் புத்தகங்களோடு, ஜெய்த்தூன் எங்கள் வேனில் ஏறினாள். ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், இது விக்குமா?" என்பதுதான். புத்தகம் விற்கிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றே. சமையல் குறிப்பும் போட்டித் தேர்வு கைடும் தவிர வேறு எது விற்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நீங்களும் எப்போதாவது ஒரு மேசையைப் போட்டு, புத்தகங்களை அடுக்கி, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். வருகிறவர்களில் பாதிப் பேர் வழி கேட்பார்கள். சிலர் பேனா இரவல் கேட்பார்கள். எப்போதாவது ஒருவர் புத்தகத்தைப் பற்றிக் கேட்பார். அவருக்காகத்தான் இந்தத் தொழிலே. நான் ஒரு நாளிதழில் செய்தி எழுதியும் திருத்தியும் ஓய்வு பெற்றவன். புதுக்கோட்டையில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் நண்பர் கோவிந்தன், "வீட்ல சும்மா இருக்கறதுக்கு வேன்ல சும்மா இருங்க" என்று கூப்பிட்டார். ஓட்டுநர் அருளுக்குப் பக்கத்து சீட் அன்றிலிருந்து எனது.

ஜெய்த்தூன் மணமேல்குடிக்காரி. அறந்தாங்கியில் பிளக்ஸ் அச்சடிக்கும் கடையில் டிசைனர். எதிரும் புதிருமான கட்சித் தலைவர்கள் எல்லாம் அவள் கணினியில் ஒரே இடத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தேர்தல் முடிந்து கடையில் வேலை ஓய்ந்திருந்ததால் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு எங்களோடு கிளம்பியிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவள் எழுதிய முதல் நாவல் ‘கட்டைவிரல் மை’. சமஸ்தான காலத்தில் நடக்கிற கற்பனைக் கதை. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களின் கையை இழுத்துப் பிடித்து, பத்திரத்தில் கைநாட்டு வாங்கி, நிலத்தை எழுதிக்கொள்கிறது ஒரு பாளையம். வேம்பு என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு வித்தை தெரியும். பழைய கைநாட்டின் மேல் அவள் மை தடவிப் பார்த்தால், அந்த விரல் பதிந்த நேரம் அப்படியே கண்முன் ஓடும். மணிக்கட்டைப் பிடித்திருந்தது யார் என்பதும் தெரியும். பதினோராம் அத்தியாயத்தில் அவள் ஊர் நடுவே உட்கார்ந்து பார்க்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஊரே கட்டைவிரலைக் கறுப்பாக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடக்கிறது.

சிக்கல் பதினோராம் அத்தியாயத்தில்தான். பள்ளி வாசிப்பு மன்றங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழு, மந்திரத்தை எடுத்துவிட்டால் இரண்டாம் பதிப்பை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. எடுத்தால் மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் கைக்குப் போகும். எடுக்காவிட்டால் எங்கள் வேன் போகிற இடத்துக்கு மட்டும் போகும். அவள் எழுதியதே அந்தப் பிள்ளைகளுக்காக. கோவிந்தன் அவளிடம் இப்படித்தான் சொல்லி அனுப்பினார்: "ஒரு வாரம் வேன்ல சுத்திட்டு வாம்மா. படிச்சவங்க என்ன சொல்றாங்கன்னு கேளு. சனிக்கிழம பதில் சொல்லு."

கண்ணில் மை

முதல் பதிப்பின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மை போடுவது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நகை காணாமல் போனாலும் மாடு காணாமல் போனாலும், வெற்றிலையிலோ கட்டைவிரல் நகத்திலோ கரிய மையைத் தடவி, அதையே உற்றுப் பார்த்து, எடுத்தது யார், எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். பதிப்பகத்தில் பக்கங்களை வடிவமைக்கும் பாண்டி மட்டும் அதைக் கேள்விப்படாதவர். பதினோராம் அத்தியாயத்தின் உயிரான வரி, "வேம்பு மை போட்டுப் பார்த்தாள்" என்பது. அதில் ஒரு சொல் விட்டுப்போயிருப்பதாக நினைத்து, கடைசி நிமிடத்தில், யாரிடமும் கேட்காமல், பாண்டி சேர்த்துவிட்டார்: "வேம்பு கண்ணில் மை போட்டுப் பார்த்தாள்."

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அரண்மனைச் சேவகர்கள் குதிரையில் வந்துகொண்டிருக்கிறார்கள். புரட்சியின் நாயகி உட்கார்ந்து மையெழுதிக்கொள்கிறாள். புத்தகம் அச்சாகி வந்த அன்று ஜெய்த்தூன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே அவள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பத்திரிகையில் ஒரு ஒற்றெழுத்து தப்பியதற்கு நாற்காலியை உதைத்தவர்களோடு வேலை பார்த்தவன் நான். பாண்டி மட்டும் கடைசி வரை தன் கட்சியை விடவில்லை.

"பொம்பளப் புள்ள மை போட்டுச்சுன்னா கண்ணுலதானே சார் போடும்? முழங்கால்லயா போடும்?"

மஞ்சள் தண்ணீர்

முதல் நாள் கறம்பக்குடி. புத்தகத் தேர்வுக் குழுவில் இருந்த தலைமையாசிரியர் அங்கேதான் இருந்தார். ஓய்வு நேரத்தில் பள்ளி பள்ளியாகப் போய், சாமியார்களின் வித்தைகளைப் பிள்ளைகள் முன்னால் செய்து காட்டி, குட்டை உடைக்கிறவர். நாங்கள் போனபோது மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டு, அது ரத்தமாகச் சிவப்பதை ஏழாம் வகுப்புக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நாவலை ஓரம் மடித்து, கோடு போட்டு, முழுக்கப் படித்திருந்தார். "அந்தக் கைநாட்டு விசயம் பிரமாதம்மா. ஊரே நடக்கறதப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலுத்துருச்சு. அந்த மை மட்டும் வேணாம்" என்றார்.

ஜெய்த்தூன், "மை இல்லாட்டி ஊரு நடக்காதே சார்" என்றாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு தன் சித்தி வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போன கதையைச் சொன்னார். மை போடுகிறவன் நகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வாழ வந்த பொண்ணு" என்றிருக்கிறான். மறுநாள் அந்த மருமகள் கிணற்றில் கிடந்தாள். சங்கிலி அடுத்த மாதம் மாட்டுத் தொட்டிக்கு அடியில் கிடைத்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"உங்க கதையப் படிச்சிட்டு ஒரே ஒரு புள்ள மை போடறவன நம்புச்சுன்னாக்கூட, நான் இத்தன வருசம் மஞ்சத் தண்ணியக் கலக்குனது வீண்தாம்மா."

தோடு

அவர் சொன்னதற்குச் சாட்சி அன்று மதியமே வந்து நின்றது. வேனின் பக்கவாட்டில் ஜெய்த்தூனே வடிவமைத்த பிளக்ஸ் ஒன்று கட்டியிருந்தோம். நகம் கறுத்த ஒரு பெரிய கட்டைவிரல், மேலே ‘கட்டைவிரல் மை’, கீழே அவள் படம். பிளக்ஸ் கடைப் பழக்கத்தில் படத்தைச் சுற்றி ஒளிவட்டம் வேறு போட்டிருந்தாள். கடைத்தெருவில் நிறுத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜெய்த்தூனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயி, ஒத்தத் தோடு காணோம். மருமக மேலதான் சந்தேகமா இருக்கு. நகத்தப் பாத்துச் சொல்லு." மருமகள் இரண்டடி பின்னால் தலையைக் குனிந்து நின்றாள்.  ஜெய்த்தூன் அந்தக் கிணற்றடியில் நிற்பதுபோல நின்றாள்.

"நான் மை போடுறவ இல்லம்மா, கதை எழுதுறவ" என்று சொல்லிப் பார்த்தாள். அது அந்த அம்மாள் காதில் ஏறவில்லை. ஜெய்த்தூன் சட்டென்று அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, நிருபர் மாதிரி கேட்க ஆரம்பித்தாள். என்றைக்குக் காணாமல் போனது? செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு என்ன வேலை? துணி துவைத்தது. கையாலா, மெஷினிலா? மெஷினில். நைட்டியைத் தலைவழியாகக் கழற்றும்போது காதில் இழுத்ததா? அந்த அம்மாள் யோசித்தார். "ஆமா, சுருக்குன்னுச்சு." "அப்ப மெஷினுக்குள்ள நூலு சேர்ற வலைப்பை இருக்கும்ல, அதுல கையவிட்டுப் பாருங்க. அதுக்கு மிந்தி யாரையும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது." ஒரு மணி நேரம் கழித்து மருமகள் மட்டும் மூச்சு வாங்க ஓடி வந்தாள். தோடு வலைப்பையில்தான் இருந்ததாம். எல்லாப் புத்தகத்தையும் விட்டுவிட்டு ‘கட்டைவிரல் மை’யைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் புரட்டினாள்.

"அக்கா, இதுல மாமியாருக்கு மை போட்டுப் பாக்குற எடம் எங்கிட்டு இருக்கு?"

எந்த ஊர்?

வரலாற்றுக் கதை விற்கிறவனுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எந்த வருஷம், எந்த ராஜா, எந்தத் தாலுகா என்று கேட்பார்கள். கையெழுத்துப் பிரதியைப் படித்தபோது நானே கேட்டேன். மந்திரம் வருகிற இடங்களில் ‘என்று கூறப்படுகிறது’ என்று சேர்க்கலாமா என்றுகூடக் கேட்டேன். பத்திரிகையில் நாங்கள் எதையும் அப்படித்தான் தப்பித்துக்கொள்வோம். "சார், வேம்பு நேருல பாக்குறா. யாரு கூறணும்?" என்றாள் ஜெய்த்தூன். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

குடுமியான்மலையில் வேனை நிறுத்தியிருந்தபோது இரண்டு பேர் டீ கிளாஸோடு வந்தார்கள். இருவருமே புத்தகத்தைப் படித்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். கதையில் வரும் ஊர் எங்கள் ஊர்தான் என்றார் ஒருவர். கோயிலுக்குப் பின்னால் புளியந்தோப்பு, அதற்கு மேற்கே ஊருணி, எல்லாம் அப்படியே இருக்கிறது என்றார். "ஒங்க ஊருல ஏதுய்யா புளியந்தோப்பு? ரெண்டு மரம் நின்னாத் தோப்பா? அது எங்க ஊரு" என்றார் மற்றவர். டீ ஆறிப்போனது. குரல் ஏறியது. எனக்கே பயம் வந்துவிட்டது. ஜெய்த்தூன் நடுவில் புகுந்து, "அண்ணே, அண்ணே, அது ரெண்டு ஊருமே இல்ல. நானா கற்பன பண்ணுனது" என்றாள். இருவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அன்றைக்கு முதல்முறையாக அவர்களுக்குள் ஒற்றுமை வந்தது.

"நீ சும்மா இரும்மா, எழுதுனவளுக்கு என்ன தெரியும்? கைநாட்டு வச்சு நெலத்தப் பறிகுடுத்தது எங்க ஆளுக."

பாஸ்போர்ட்

மணமேல்குடியில் ஜெய்த்தூனைத் தெரியாதவர்கள் இல்லை. அதனால் வேனைச் சுற்றிக் கூட்டம் இருந்தது, வியாபாரம் இல்லை. தெரிந்த பெண் எழுதியது என்றால் சும்மா கொடுப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் மட்டும், மகனுக்காக ஒரு பிரதி எடுத்துப் பின்னட்டையைப் படித்தார். முகம் மாறிவிட்டது. மந்திரம்தான் உறுத்துகிறது போலிருக்கிறது, இங்கேயும் அதே கதைதானா என்று நினைத்துக்கொண்டு, "அந்த மை விசயம் வெறும் கற்பனைதான் பாய்" என்றேன்.

"மை இருந்துட்டுப் போவுது சார். புள்ளைங்களுக்கு அதான் புடிக்கும். இந்த ஊர்வலம், அரண்மனைய முற்றுகையிடுறது, அத எடுத்துர முடியாதா? நாளைக்கி இவன் காலேஜ்ல இதே மாதிரி போயி உக்காந்தான்னா கேஸ் போட்ருவாங்க. கேஸ் இருந்தா நம்ம கதை அதோட முடிஞ்சுது." ஒரு தாலுகாவில் மந்திரத்தை எடுக்கச் சொன்னார்கள், இன்னொரு தாலுகாவில் புரட்சியை எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் எடுத்தால் மிஞ்சுவது புளியந்தோப்பு. அதற்கும் இரண்டு ஊர் சண்டை போடுகிறது. இதை நான் சொன்னபோது அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.

"ஜின்னு புடிச்சாக்கூட விட்ரும் சார், பாஸ்போர்ட் ஆபீஸ் விடாது."

அத்தா

அன்று மதியச் சாப்பாடு ஜெய்த்தூன் வீட்டில். அவள் அத்தா மீன் வியாபாரி. அதிகம் பேசாதவர். எனக்கும் அருளுக்கும் வஞ்சிர மீனை அள்ளி அள்ளி வைத்தார். ஓட்டுப் போட்ட மை, நகம் வளர்ந்தும், அவருடைய ஆள்காட்டி விரலில் இன்னும் பாதி மிச்சம் நின்றது. மை போட்டுப் பார்ப்பது மார்க்கத்தில் கூடாத காரியம். மகள் அதை வைத்தே கதை எழுதிவிட்டாள். அத்தா என்ன நினைக்கிறார் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. கேட்கவும் பயம். கறம்பக்குடியில் நடந்ததை அவள் தலைகுனிந்து சொல்லி முடித்தாள்.

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தெருவுலயும் கேட்டாங்கம்மா, ஒம் மக மை போடுறதப் பத்தி எழுதிருக்காளாமேன்னு. கதைதானப்பான்னு சொன்னேன். படிச்சுட்டு ஒருத்தன் வந்தான்" என்று நிறுத்தினார். ஜெய்த்தூன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவர் மகளைப் பார்க்கவில்லை. விசிறியைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்.

"‘கதைன்னா எதுக்கு பாய் இம்புட்டு நெசமா இருக்கு’ங்கறான். நான் என்னத்தச் சொல்ல?"

ஒரே பிரதி

வெள்ளிக்கிழமை ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளி. அருளின் சொந்த ஊர் அருகில்தான். அங்கே தமிழ் ஆசிரியை ஒருவர் தானே வாங்கிய ஒரு பிரதியை ஒன்பதாம் வகுப்பில் விட்டிருந்தார். அட்டை போய்விட்டது. முதுகு பிரிந்துவிட்டது. பிள்ளைகள் அதை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒரே நேரத்தில் பல பேர் படிக்க வசதி செய்திருந்தார்கள். யாரிடம் எந்த அத்தியாயம் இருக்கிறதோ அந்தப் பெயரில்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். "ஏய் நாலு, ஒன்னய அஞ்சு கூப்புடுறா." முதல் கேள்வியே மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. "அக்கா, சேவகர்லாம் வந்துக்கிட்டு இருக்கறப்ப அவ எதுக்கு மேக்கப் போடுறா?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பாண்டி எங்கே இருந்தாலும் அவருக்குப் புரையேறியிருக்கும்.

சிரிப்பு அடங்கியதும், ஜெய்த்தூன் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு காரியம் செய்தாள். தலைமையாசிரியர் சொன்னதை, அந்த மருமகளை, கிணற்றை, தொட்டிக்கு அடியில் கிடைத்த சங்கிலியை, ஒன்றையும் குறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னாள். தனக்குச் சாதகமாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. கற்றுக்குட்டி நிருபர்களுக்கு நான் வருடக்கணக்கில் சொல்லியும் ஏறாத நேர்மை அது. "இப்ப நீங்க சொல்லுங்க. பதினொன்ன எடுத்துரவா?" என்றாள்.

எடுக்கலாம் என்று சிலர், கூடாது என்று சிலர். சத்தம் ஏறியது. பதினோராம் அத்தியாயம் யாரிடம் இருந்ததோ அந்தப் பெண், ஸ்டெல்லா என்று பெயர், அந்தத் தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஒல்லியான பெண், கீச்சுக் குரல். "வேம்பு யாரையும் திருடின்னு சொல்லலையேக்கா. கையப் புடிச்சு அமுக்குனது யாருன்னுதானே பாத்தா?" என்றாள். பிறகு வகுப்பே அமைதியாக இருப்பதைக் கவனித்து, கொஞ்சம் பயந்து, ஆனாலும் உட்காராமல், மீதியையும் சொன்னாள்.

"கெணத்துல விழுந்துச்சே ஒரு அக்கா, அதுக்குத்தான் வேம்பு வேணும்."

சனிக்கிழமை

திரும்பும் வழியெல்லாம் ஜெய்த்தூன் பதினோராம் அத்தியாயத்தையே புரட்டிக்கொண்டிருந்தாள். அருள் பாட்டுப் போடவில்லை. மறுநாள் கோவிந்தனிடம், "எடுக்கலண்ணே" என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, சரி, சின்னப் பதிப்பாகவே போடுவோம், வேன் போகிற வரைக்கும் போகட்டும் என்றார். அவள் அதோடு விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து, தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, தோடு காணாமல் போனதையும் சொன்னாள், ஸ்டெல்லா சொன்னதையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் பதில் சொன்னார்.  எத்தனையோ தலைவர்கள் தோற்றபின் பேசியதைக் கேட்டு எழுதியவன் நான். ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் ஒருவர் இவ்வளவு கண்ணியமாகப் பேசி அதிகம் கேட்டதில்லை.

"எடுக்கலைன்னா மன்றத்துக்கு வாங்க முடியாதும்மா, அதுல மாத்தமில்ல, ஆனா எடுத்திருந்தீங்கன்னா நான் ரெண்டாந்தடவ படிக்க மாட்டேன், இப்பப் படிப்பேன்."

செப்டம்பர் முதல் வாரம் ‘கட்டைவிரல் மை’ இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. மந்திரத்தை எடு, புரட்சியை எடு என்று மாவட்டமே கேட்டும், அதிலிருந்து எடுக்கப்பட்டது ‘கண்ணில்’ என்ற ஒரு சொல்தான்.